கிரீன் காப்ளின் லாரி முகம்: ஓர் அளவுமாதிரிச் சிற்பத்தின் மதிப்பீடு

கிரீன் காப்ளின் லாரி முகம் என்பது 1986-ஆம் ஆண்டு வெளிவந்த 'மேக்சிமம் ஓவர்டிரைவ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் லாரி ஒன்றின் முன்பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்த பெரிய அரக்க முகம் ஆகும். பச்சை நிறம், கூர்ந்த காதுகள், பல் தெரியும் அகன்ற சிரிப்பு, எரியும் கண்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். லாரி அளவுமாதிரி செய்யும் ஆர்வலர்கள் இந்த முகத்தைச் சிறிய அளவில் கையால் உருவாக்கி, அச்செடுத்து, வார்த்து, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் லாரி மாதிரியின் முன் பொருத்துகின்றனர். அந்தச் சிறு முகத்தை ஒரு சிற்பமாகக் கொண்டு, அது எங்கே கைகூடுகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திரைப்படமும் முகமும்

ஸ்டீவன் கிங் எழுதிய 'டிரக்ஸ்' என்ற சிறுகதை 1973-இல் இதழில் வெளிவந்தது. 1978-இல் 'நைட் ஷிஃப்ட்' தொகுப்பில் இடம்பெற்றது. அக்கதையை ஒட்டி அவரே திரைக்கதை எழுதி இயக்கிய படம் 'மேக்சிமம் ஓவர்டிரைவ்'. அவர் இயக்கிய ஒரே படமும் இதுவே. டீனோ டி லாரன்டிஸின் நிறுவனத்துக்காக வட கரோலினாவின் வில்மிங்டன் பகுதியில் 1985-இல் படமாக்கப்பட்டது. ஒரு வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் பூமி புகுந்ததும் இயந்திரங்கள் எல்லாம் மனிதருக்கு எதிராகத் திரும்புகின்றன. 'டிக்ஸி பாய்' என்ற லாரி நிறுத்தத்தில் சிக்கிக்கொண்ட மனிதர்களைச் சுற்றி லாரிகள் வட்டமிடுகின்றன. அந்த லாரிகளுக்குத் தலைமை தாங்குவதுபோல் வருவது 'ஹேப்பி டாய்ஸ்' என்ற பொம்மை நிறுவனத்தின் கறுப்பு லாரி. அதன் முன்பக்கத்தில்தான் இந்த முகம் இருக்கிறது. கிரீன் காப்ளின் என்பது ஸ்பைடர்மேன் காமிக்ஸ் கதைகளில் 1964-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகப்படுத்திய எதிர்நாயகப் பாத்திரம். மூலச் சிறுகதையில் இப்படி ஒரு முகம் கிடையாது, படத்துக்காகச் சேர்க்கப்பட்டது.

படம் தோல்வியடைந்தது. மோசமான படங்களுக்கு வழங்கப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதுகளில், மோசமான இயக்குநர் பிரிவில் கிங்கும், மோசமான நடிகர் பிரிவில் நாயகன் எமிலியோ எஸ்டீவெஸும் பரிந்துரைக்கப்பட்டனர். கிங்கே பிற்காலத்தில் இப்படத்தைப் பெருமையாகப் பேசவில்லை. ஆயினும் படம் பார்த்தவர்கள் மறக்காத ஒன்று இந்த முகம். வசனம் ஒன்றும் பேசாத, தசை ஒன்றும் அசையாத அதுவே படத்தின் சிறந்த நடிப்பு என்று சொன்னால் மிகையாகாது. மாதிரி செய்பவர்கள் நாற்பதாண்டுக்குப் பின்னும் இதைத் தேடி வருவதற்குக் காரணம் படத்தின் தரம் அன்று; இந்த முகத்தின் தரமே.

முகம் எதற்கு?

இதே வகையில் முன்னோடியான படம் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'டூயல்' (1971). அதில் ஒரு சிறிய காரைத் துரத்தும் பழைய பீட்டர்பில்ட் டேங்கர் லாரிக்குத் தனியாக முகம் எதுவும் ஒட்டப்படவில்லை. நீண்ட மூக்கு, பிளந்த முன்கண்ணாடி, இருபுற விளக்குகள் ஆகியவையே முகமாகத் தோன்றும் என்பதற்காகவே அந்த லாரி தேர்ந்தெடுக்கப்பட்டது. 'டூயல்' லாரியை மாதிரி செய்பவருக்கு வேலை பெரும்பாலும் அழுக்கிலும் துருவிலும் முன் பம்பரில் வரிசையாகத் தொங்கும் பல மாநில எண் பலகைகளிலும் இருக்கிறது. சிற்ப வேலை ஏறக்குறைய இல்லை.

'மேக்சிமம் ஓவர்டிரைவ்' லாரி அப்படியல்ல. லாரியின் இயல்பான முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு வேறொரு முகம் நிற்கிறது. கிரில், ரேடியேட்டர், விளக்கு எல்லாம் பெட்டியில் கிடைக்கும். இந்த முகம் கிடைக்காது. அதைச் செய்பவர் மாதிரி கூட்டுபவராக இருந்தால் போதாது, சிற்பியாகவும் இருக்க வேண்டும். லாரியைத் துல்லியமாகக் கூட்டத் தெரிந்த பலர் இங்கே வந்து தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

முகபாவம்

இந்தச் சிற்பங்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. அரக்கன் என்றதும் செய்பவரின் கை தானாகவே கோபத்தைச் சேர்த்துவிடுகிறது. புருவம் இறுகுகிறது, மூக்கின் மேல் சுருக்கம் விழுகிறது, மேலுதடு மூக்கோடு சேர்ந்து உயர்கிறது, பற்கள் கூராகின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால் அது நல்ல அரக்க முகமாகவே இருக்கும். லாரியில் பொருத்தியதும் படத்திலிருந்து விலகிவிடும்.

ஏன் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கதைப்படி இந்த முகம் ஒரு விளம்பரப் பொருள். பொம்மைக் கம்பெனி ஒன்று குழந்தைகளைக் கவர்வதற்காகத் தன் லாரியின் முன் மாட்டிவைத்தது. வால்நட்சத்திரம் வருவதற்கு முன்பும் அது அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தது; வந்தபின் ஆளைத் துரத்தும்போதும் அதே சிரிப்புத்தான். பொம்மை கொண்டுவரும் முகமும் கொல்ல வரும் முகமும் ஒன்றே என்பதில்தான் அச்சம் பிறக்கிறது. முகத்தில் முன்னதாகவே கொலைவெறியைச் செதுக்கிவிட்டால் அந்த முரண் போய்விடுகிறது. கொலைகாரனைப் போல் தோன்றும் ஒன்று கொலை செய்வதில் வியப்பு என்ன இருக்கிறது?

ஆகவே சிற்பி பிடிக்க வேண்டியது சிரிப்பு, சீற்றம் அன்று. இரண்டும் பல்லைக் காட்டுபவை என்பதால் குழப்பம் எளிது. உண்மையான சிரிப்பில் வாயின் இரு ஓரங்களும் மேல்நோக்கியும் பின்நோக்கியும் இழுபடும். கன்னம் திரண்டு உயரும். உயர்ந்த கன்னம் கீழிமையைத் தள்ளுவதால் கண்ணின் அடிக்கோடு மேல்நோக்கி வளையும். சீற்றத்தில் வாயோரம் அவ்வளவாக உயராது. மேலுதடு மூக்கின் இருபுறமும் தூக்கப்படும், மூக்கின் பக்கங்கள் சுருங்கும், கன்னம் தட்டையாகவே இருக்கும். சிறிய அளவில் இந்த வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஊசிமுனையால் மூக்கோரத்தில் ஒரு கோடு கூடுதலாக இழுத்தால் சிரித்த முகம் சீறிவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவது என்பார்கள்; இங்கே கோமாளி பிடிக்கக் கொலைகாரன் வந்து நிற்கிறான்.

புருவம் மட்டும் சற்று உள்நோக்கிச் சரிந்திருக்கலாம். அந்த அளவு வஞ்சகம் காமிக்ஸ் பாத்திரத்தின் இயல்பிலேயே உண்டு. வாயும் கன்னமும் சிரிக்க, புருவம் மட்டும் வேறு ஏதோ நினைத்துக்கொண்டிருப்பது போன்ற நிலையே இந்த முகத்தின் உயிர். இதைப் பிடித்த மாதிரிகளில் காது ஒரு மில்லிமீட்டர் நீண்டிருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. இதைத் தவறவிட்டவற்றில் மற்ற அளவுகள் அனைத்தும் சரியாக இருந்தும் பயனில்லை.

எதைப் பார்த்துச் செய்வது?

இந்த ஆர்வலர்களிடையே ஓயாத ஒரு விவாதம் உண்டு. படத்தின் இறுதியில் நாயகன் ஏவும் ராக்கெட்டால் லாரி வெடிக்கிறது. ஆனால் படப்பிடிப்புக்குப் பின் எஞ்சிய முகம் பின்னாளில் தனியார் ஒருவரால் மீட்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. ரசிகர் கூட்டங்களில் காட்சிக்கு வைக்கப்படுகிறது. அதன் தெளிவான ஒளிப்படங்கள் ஏராளம். படத்தின் காட்சிகளோ இருட்டிலும் புழுதியிலும் ஓட்டத்திலும் எடுக்கப்பட்டவை. தெளிவானதைப் பார்த்துச் செய்வதா, மங்கலானதைப் பார்த்துச் செய்வதா?

புதுப்பிக்கப்பட்ட பொருள் கண்ணுக்கு நேரே இருக்கிறது, ஆகவே அதுவே சான்று என்பது ஒரு தரப்பு. இது பாதி மட்டுமே சரி. புதுப்பித்தல் என்பதே பழுதான இடத்தை நிரப்பி, தேய்த்து, புது வண்ணம் பூசுவது. படப்பிடிப்பின்போது இருந்த முகமும் பல ஆண்டு கழித்துச் சீரமைக்கப்பட்ட முகமும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்றாக இருக்க இயலாது. காதின் தடிமன், பக்கவாட்டுத் தோற்றம், தாடையின் ஆழம் போன்ற படத்தில் தெரியாத செய்திகளுக்கு எஞ்சிய பொருளை நாடலாம். முகபாவத்துக்கும் வண்ணத்துக்கும் படமே சான்று. செய்யப்படுவது ஒரு திரைப்பட லாரியின் மாதிரி, அருங்காட்சியகப் பொருளின் மாதிரி அன்று.

ஒளிப்படங்களில் வேறொரு பொறியும் உண்டு. காட்சிக்கு வைத்த முகத்தின் முன் ரசிகர்கள் மிக அருகில் நின்று, கைபேசியால், கீழிருந்து மேலாகப் படமெடுக்கின்றனர். அருகிலிருந்து எடுத்த படத்தில் முன்தள்ளிய மூக்கும் தாடையும் பெருத்தும், பின்னால் இருக்கும் காதுகள் சிறுத்தும் தோன்றும். அதை அப்படியே நம்பிச் செய்தால் மூக்குப் பெருத்த முகமே வரும். தூரத்திலிருந்து எடுத்த படங்களைத் தேர்ந்து, கண்களின் இடைவெளிக்கும் வாயின் அகலத்துக்கும் உள்ள விகிதம், நெற்றி உயரத்துக்கும் தாடை உயரத்துக்கும் உள்ள விகிதம் எனச் சிலவற்றைக் குறித்துக்கொண்டு வேலை தொடங்குவதே முறை.

அளவு

அமெரிக்க லாரி மாதிரிகளில் ஏ.எம்.டி. போன்ற நிறுவனங்களின் பெட்டிகள் 1/25 அளவிலும், இத்தாலியின் இட்டலேரி நிறுவனப் பெட்டிகள் 1/24 அளவிலும் வருகின்றன. 1/25 அளவில் உண்மையான 1 மீட்டர் 40 மி.மீ. ஆகிறது. வேறுபாடு நான்கு விழுக்காடுதான் என்றாலும், 1.8 மீட்டர் உயரமுள்ள ஒன்று ஓர் அளவில் 72 மி.மீ., மற்றதில் 75 மி.மீ. என்று ஆகும். லாரியின் முகப்பில் 3 மி.மீ. கண்ணுக்குத் தெரியும்.

முகத்தின் உண்மை உயரத்தைப் படத்திலிருந்தே கணக்கிடும் எளிய வழி உண்டு. இத்தகைய லாரியின் சக்கரம் டயரோடு சேர்த்து 1 மீட்டருக்குச் சற்று மேல். லாரி பக்கவாட்டில் கடந்துபோகும் காட்சியை நிறுத்தி, சக்கரத்தின் விட்டத்தோடு முகத்தின் உயரத்தை ஒப்பிட்டால் போதும். பள்ளிக்கூடத்தில் படித்த நேர்விகிதக் கணக்குத்தான். இதைச் செய்யாமல் கண்ணளவில் தொடங்குவோர் பெரும்பாலும் முகத்தைப் பெரிதாக்கிவிடுகின்றனர். மனத்தில் பதிந்த முகம் எப்போதும் உண்மையைவிடப் பெரியது.

செய்முறை பற்றி

கல்லில் செய்வதைச் செதுக்குதல் என்றும், மண்ணில் செய்வதைப் பிடித்தல் அல்லது வனைதல் என்றும் தமிழ் பிரித்துச் சொல்கிறது. இந்த வேலையில் இரண்டும் உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்துவது இரண்டு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எபாக்சி புட்டி. வீட்டில் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீல் அந்த இனத்தைச் சேர்ந்ததே. சிற்ப வேலைக்கு வருவது அதைவிட நயமானது, இறுகவும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது. கலந்தபின் முதல் ஒரு மணி நேரம் அது மண்போல் பிடிக்க வரும். சில மணி நேரம் கழித்துக் கல்போல் இறுகியதும் கத்தியாலும் உப்புத்தாளாலும் செதுக்கலாம், தேய்க்கலாம். முகத்தின் பெருந்திரளை மென்மையாக இருக்கும்போதும், பல் வரிசை, இமை விளிம்பு போன்ற கூர்மைகளை இறுகியபின்னும் செய்வது சிறந்தது. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் முடிக்க முயன்ற முகங்களில் பற்கள் விரலடையாளத்தோடு மழுங்கிக் கிடப்பதைக் காணலாம்.

மற்றொரு பொருள் பாலிமர் களிமண். அடுப்பில் சுமார் 130 டிகிரி செல்சியசில் சுடும்வரை அது இறுகாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் திருத்திக்கொண்டிருக்கலாம். முகபாவம் கைவர நாளாகும் என்பதால் புதியவர்களுக்கு இதுவே ஏற்றது. ஒரு சிக்கல் உண்டு. லாரி மாதிரியின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். 100 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். ஆகவே லாரியின்மேல் வைத்துப் பிடித்து அப்படியே சுட முடியாது. கிரில் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, எபாக்சி புட்டியால் பின்தட்டு ஒன்றை அழுத்தி எடுத்து, இறுகியபின் கழற்றி, அதன்மேல் களிமண்ணில் முகத்தைப் பிடிப்பது நல்ல தீர்வு. இப்படிச் செய்த முகம் லாரியின் முன்பக்கத்தில் இடைவெளியின்றி உட்காரும். முகத்தைத் தனியாகச் செய்துவிட்டுக் கடைசியில் பின்பக்கத்தைத் தேய்த்துப் பொருத்தியவை, எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், லாரியில் மாட்டிய முகமூடிபோல் துருத்திக்கொண்டே நிற்கின்றன.

அச்செடுப்பதற்குச் சிலிக்கோன் ரப்பர். கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் களிமண்ணில் செய்த மூலத்தின்மேல் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை ஊற்றினால், தொட்ட இடமெல்லாம் இறுகாமல் பிசுபிசுத்துப்போகும். பல வாரச் சிற்பம் ஒரு மணி நேரத்தில் வீணாகும். காதின் பின்புறமும் வாயின் உட்குழிவும் அச்சில் சிக்கும் இடங்கள் என்பதால் இரு பாகமாக அச்செடுப்பது வழக்கம். பிரிகோடு காதின் விளிம்பு வழியே போனால் வார்ப்பின் பிசிறு கண்ணுக்குப் படாத இடத்தில் விழும். கன்னத்தின் குறுக்கே போனால் தேய்க்கும்போது சிரிப்பே தேய்ந்துவிடும்.

எடையையும் கவனிக்க வேண்டும். 7 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளத்தின் கனஅளவு சுமார் 90 கன செ.மீ. வார்ப்பு ரெசின் தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தி மிக்கது. திண்ணிய முகம் ஏறக்குறைய 100 கிராம் ஆகிவிடும். மெல்லிய பிளாஸ்டிக் முன்னச்சின்மேல் அவ்வளவு பாரம் ஏற்றினால் நாளடைவில் லாரி மூக்கை ஊன்றி நிற்கும். உள்ளே குடைவாக வார்ப்பது இதனால் மட்டுமே தேவைப்படுகிறது என்பதல்ல. கண்களுக்குள் விளக்கு வைக்கவும் அந்த இடம் வேண்டும்.

கணினியில் வடித்து முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கும் முறை இப்போது பரவியுள்ளது. நேரமும் பொருளும் மிச்சம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினியில் பாதி முகத்தைச் செய்து மறுபாதியைக் கண்ணாடிப் பிம்பமாக நிரப்பிவிடும் பழக்கம் பலரிடம் காணப்படுகிறது. கையால் செய்த பெரிய முகம் எதுவும் இருபுறமும் அச்சொத்திருப்பது அரிது. முழுச் சமச்சீர் முகத்தில் சிரிப்பு உறைந்துபோய், பொத்தானை அழுத்தினால் வரும் சிரிப்புபோல் இருக்கிறது. கருவியைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. பிம்பம் எடுத்தபின் ஒரு வாயோரத்தை அரை மில்லிமீட்டர் உயர்த்தக் கணினியிலும் முடியும்.

வண்ணம்

உண்மைப் பொருளில் பூசிய அதே பச்சையை மாதிரியிலும் பூசினால் அது கறுத்துத் தெரியும். சிறிய பரப்பில் நிறம் அடர்ந்து தோன்றும் என்பதால் சற்று வெளிறிய பச்சையில் தொடங்குவது வழக்கம். மடிப்புகளில் கரும்பச்சையை நீர்த்து விடுவதில் பலர் அளவு மீறுகின்றனர். மூக்கோரத்தில் தேங்கிய கறுப்பு, தூரிகையாலேயே சீற்றத்தை வரைந்துவிடுகிறது. சிற்பத்தில் தப்பிய தவறு வண்ணத்தில் நுழைகிறது. ஓடிக் களைத்த லாரி என்பதால் புழுதியும் புகையும் இருக்கத்தான் வேண்டும். அவை கீழ்த்தாடையிலும் காதின் பின்புறத்திலும் கூடுதலாகவும், நெற்றியில் குறைவாகவும் படிவதே இயல்பு.

மறுவார்ப்பு

நன்றாக அமைந்த முகத்தை ஒருவர் வார்த்துச் சிறு எண்ணிக்கையில் விற்க, அதை வாங்கிய வேறொருவர் அதன்மேலேயே அச்செடுத்து மலிவாக விற்பது இத்துறையின் பழைய நோய். ஒவ்வொரு தலைமுறை அச்சிலும் முகம் சிறிது சுருங்குகிறது, கூர்மை மழுங்குகிறது. இமை விளிம்பும் பல்லிடுக்கும்தான் முதலில் போகின்றன. மூலச் சிற்பி காமிக்ஸ் நிறுவனத்தின் பாத்திரத்தைத்தானே எடுத்துச் செய்தார், அவருக்கு மட்டும் என்ன உரிமை என்ற வாதம் எழுவதுண்டு. பாத்திரத்தின் உரிமை அவருடையதன்று என்பது உண்மைதான். விற்பனைக்கு இறங்கும் எவரும் அதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆனால் கன்னத்தைத் திரட்டி, கீழிமையை வளைத்து, சிரிப்பைக் கண்டுபிடித்த பல வார உழைப்பு அவருடையது. ஒரு குற்றச்சாட்டு இன்னொரு திருட்டுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

கண்கள்

கோயில் சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்வது போல, இங்கும் கண் கடைசி வேலை. படத்தில் கண்கள் சிவந்து ஒளிர்கின்றன. மாதிரியில் 3 மி.மீ. எல்.இ.டி. விளக்கை நேராகக் கண்குழியில் வைத்தால் ஒரு புள்ளி மட்டும் கூசும், கண் தெரியாது. விளக்கைச் சற்றுப் பின்னே தள்ளி, முன்னால் தெளிவான ரெசினில் வார்த்த கண்விழியை வைத்து, அதன் பின்புறத்தை உப்புத்தாளால் மங்கலாக்கினால் ஒளி விழி முழுவதும் பரவும். ரெசின் சுவர் மெல்லியதாக இருந்தால் கன்னமும் மூக்கும் உள்ளிருந்து சிவந்து தெரியும் என்பதால், வண்ணம் பூசுவதற்கு முன்பே குடைவின் உட்புறம் முழுதும் கறுப்புப் பூச வேண்டும். விளக்கை ஏற்றிப் பார்க்கும்போதுதான் கீழிமை வளைவு சரியா தவறா என்பது தெரியவரும். ஒளி இமையின் விளிம்பைத் துலக்கிக் காட்டுவதால், பகல் வெளிச்சத்தில் சிரித்த முகம் இருட்டில் முறைத்து நிற்பதுண்டு. அப்படி நின்றால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, கீழிமையில் மீண்டும் புட்டி வைக்க வேண்டியதுதான். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் விளக்கை அணைத்தே வைத்துவிடுகிறார்கள்.